பேட்டரி இல்லாத சர்க்யூட்

விடைத்தாள் கட்டில் இருந்த அத்தனை தாளிலும் சைபர் போட்டு வைத்திருந்தார் மனிதர். ஒருவனுக்கு ஒன்று, ஒருத்திக்கு அரை என்று பேருக்குக்கூட மார்க் கிடையாது. எல்லாவற்றிலும் சிவப்பு மையில் ஒரே வாசகம்: ‘பேட்டரி எங்கே? பேட்டரி இல்லாத சர்க்யூட்டில் கரண்ட் எப்படி ஓடும்?’ கடைசித் தாள்களுக்கு வரும்போது கோபம் முற்றிப்போய், ‘கேலியா?’ என்றும் எழுதியிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த அவர் மனைவி, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் மேஜை ஓரத்தில் நின்றபடி அந்தத் தாள்களைப் புரட்டினாள். அவளுக்கு வேலை ஒரு கண்ணாடிக்கடையில். வருகிறவர்களுக்குப் பவர் பார்ப்பது, லென்ஸ் வெட்டுவது, ஃபிரேமில் உட்காரவைத்துக் காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுப்பது. இயற்பியலுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஒரு வகுப்பு முழுக்க மக்காக இருக்க முடியுமா என்ன? காப்பியடித்தாவது நாலு பேர் சரியாகப் போட்டிருப்பார்களே.

“என்னங்க, எல்லாருக்குமா சைபர்?”

“பின்னே? மொட்டையா ரெண்டு ரெசிஸ்டரை வரைஞ்சு வச்சுட்டு, ரெண்டு ஆம்பியர்னு விடை எழுதியிருக்காங்க. ரெண்டு ஆம்பியர் எங்கேருந்து வந்துச்சு, வானத்துலேருந்து குதிச்சுதா? நான் கொஞ்ச மாசம் லீவு போட்டா இந்த லட்சணத்துலயா இருக்கும்?”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தாளின் வலது பக்கம் ரெண்டு ரெசிஸ்டர்தான் இருந்தன. ஆனால் நடுவுக்கு இந்தப் பக்கம் இன்னொரு ரெசிஸ்டரும், இடது ஓரத்தில் நீளமாக ஒரு கோடும் குட்டையாக ஒரு கோடும், பக்கத்தில் 12 வோல்ட் என்று எழுதியதும் இருந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது. அவள் அலமாரியிலிருந்து முதலாண்டுப் பாடப்புத்தகத்தை எடுத்து, அந்த இரட்டைக் கோடுதான் பேட்டரியா என்று பார்த்தாள். அதுதான் பேட்டரி.

“இந்தப் பக்கம் இருக்கே, இது என்னங்க?” என்று தாளின் இடது ஓரத்தைக் காட்டினாள்.

“எது?”

“இதோ.”

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “ஒண்ணும் இல்லையே” என்றார், ரொம்பப் பொறுமையாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, போய்விட்டது என்று தான் நினைத்துக்கொண்டிருந்த சனியன் வீட்டைவிட்டுப் போகவே இல்லை என்று.

சில மாதங்களுக்கு முன்னால் அவர் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இடது கை சோர்ந்து, வாய் லேசாகக் கோணி, பிறகு இரண்டும் தேறிவிட்டன. எல்லாரும் கொடுத்து வைத்தவள் என்றார்கள் அவளை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் தட்டில் பாதிச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு, “இன்னும் பசிக்குது, கொஞ்சம் போடு” என்பார். தட்டின் இடது பாதி அப்படியே இருக்கும். முகத்தில் வலது கன்னத்தை மட்டும் மழமழவென்று மழித்துக்கொண்டு வந்து நிற்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் சிரித்தாள். தெருவில் இடது பக்கமிருந்து யாராவது வணக்கம் சொன்னால் கண்டுகொள்ளாமல் போவார். எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, “உங்க வீட்டுக்காரருக்குத் தலைக்கனம் வந்துடுச்சு” என்று அவளிடமே முறுக்கிக்கொண்டார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கமாகத்தான் சொன்னாள். “கண்ணு நல்லாதான் இருக்குங்க. மூளைதான் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடுது. இதுல கஷ்டம் என்னன்னா, அது குறைன்னு அவருக்குத் தோணவே தோணாது. நமக்கு முதுகுக்குப் பின்னால தெரியலைன்னு நாம அழறோமா? அந்த மாதிரி.” பலருக்குப் போகப்போகச் சரியாகும் என்றாள். சிலருக்கு ஆகாது என்பதையும் சொன்னாள். அதை மட்டும் இவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து, கன்னத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லி, கழுத்தைத் திருப்பப் பழக்கி, ஒருவழியாகத் தட்டும் முகமும் முழுசாயின. இவளும் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். தாளில் அது பதுங்கிக்கொண்டிருந்தது இவளுக்கு எப்படித் தெரியும்?

கல்லூரியில் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கரண்ட் சார்’. பெரிய ஆராய்ச்சி எல்லாம் அவர் பண்ணவில்லை. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடக் கணக்கு நடத்துகிற வகுப்புதான் அவருடையது. மற்ற வாத்தியார்கள் வேண்டா வெறுப்பாகத் தள்ளிவிடும் வேலை. அவர் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். சர்க்யூட் வரைவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பேட்டரி எப்போதும் இடது பக்கம்தான் இருக்க வேண்டும். வலப்பக்கம் வரைந்தால் விடை சரியாக இருந்தாலும் அரை மார்க் வெட்டு. “படிக்கிறது இடமிருந்து வலம். கரண்டும் இடமிருந்து கிளம்பட்டும், பார்க்க லட்சணமா இருக்கும்” என்பார். பிள்ளைகள் அவருக்குப் பயந்து ஒருவர் விடாமல் இடது பக்கமே வரையப் பழகியிருந்தார்கள். வரைந்து கொடுத்துவிட்டு, இப்போது சைபர் வாங்கியிருந்தார்கள்.

இந்தக் கட்டைத் துறைத்தலைவி அனுப்பி வைத்ததே, வீட்டில் சும்மா இருக்கிறாரே, பொழுது போகட்டும் என்றுதான். அந்த அம்மா வயதில் இளையவள், நல்லவள். அடுத்த பருவம் தொடங்குமுன் தானே வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். முதலாண்டுக் கணக்கு சிலவற்றை அவர் அந்த அம்மா எதிரில் போட்டுக் காட்ட வேண்டும். போட்டுவிட்டால் பழையபடி வகுப்பு. இல்லையென்றால் உடல்நிலை காரணம் காட்டி ஓய்வு. நிர்வாகம் வைத்த விதி, அந்த அம்மா கையில் ஒன்றும் இல்லை.

ஓய்வு கொடுத்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? சீட்டாடத் தெரியாது. டிவி பார்த்தால் தூக்கம் வரும். பிள்ளை குட்டி கிடையாது. சாப்பிடும்போதும் கணக்கு, குளிக்கும்போதும் கணக்கு. தினமும் காலையில் அவர் கேட்கிற முதல் கேள்வி, “அந்த அம்மா எப்ப வர்றாங்களாம்?” என்பதுதான். நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, காரணமே தெரியாமல் அவர் காலம் தள்ளுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது அவரை வகுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

முதலில் அந்தச் சிவப்பு மையை எல்லாம் அழிக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. “சாருக்குக் கொஞ்சம் காய்ச்சல், திருத்த முடியல” என்று துறைத்தலைவியிடம் பொய் சொல்லிக் கட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அடுத்து அவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகையைப் போட்டு, படிக்கச் சொன்னாள். கடைசி வரியின் பொடி எழுத்தைக்கூடத் தட்டாமல் படித்தார். ஆனால் ஒவ்வொரு வரியிலும் வலது பக்கத்து எழுத்துகளை மட்டும்தான் படித்தார். “முடிஞ்சுதா?” என்று கேட்டால், “முடிஞ்சுது” என்றார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தாள். இருபது வயதுக்காரனுக்கு இருக்க வேண்டிய பார்வை. எந்த லென்ஸைப் போட்டு என்னத்தைச் சரி பண்ணுவது?

சாப்பிட்டு வந்த முதலாளி, “என்ன சார், வீட்டுக்காரம்மாகிட்டயே மாட்டிக்கிட்டீங்களா?” என்று சிரித்தார். “எனக்குப் பார்வை பிரமாதம்னு சொல்லிட்டா. இனிமே என்னை ஏமாத்த முடியாது” என்றார் கரண்ட் சார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவள் லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் அந்தக் கடையில்தான் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. எழுத்துகளை வரிசையாக வைக்காமல், ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். மேலிருந்து கீழ்வரை ஒன்று விடாமல் படித்தார். மேலும் கீழும் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை, இடதுதான் தகராறு. அப்படியானால் சர்க்யூட்டை நெட்டுக்குத்தாக வரைந்தால் என்ன? பேட்டரியை அடியில் வை, ரெசிஸ்டரை மேலே அடுக்கு, எல்லாம் ஒல்லியாக இருக்கட்டும். ஆனால் கோடு மாறிப் போட்டுத் தொலைக்கக் கூடாதே. எதோடு எது சேர்கிறது என்று தெரியாமல் எப்படி மாற்றி வரைவது?

ஆக, அந்த வயதில் அவள் முதலாண்டு இயற்பியல் படிக்க ஆரம்பித்தாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கல்லா மேஜைக்கு அடியில் புத்தகம். மூன்று ஓமும் ஆறு ஓமும் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தால் இரண்டு ஓம் என்று படித்தபோது, புத்தகம் எழுதினவனுக்குக் கிறுக்கு பிடித்திருக்கிறது என்றே நினைத்தாள். இரண்டைச் சேர்த்தால் குறையுமா? வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட முதல் கணக்கு அல்லவா? “உங்க கடையில ஒரு கதவு இருக்கு. கூட்டம் முட்டி மோதி உள்ள வருது. பக்கத்துல இன்னொரு கதவைத் திறந்தா? அது சின்னக் கதவாவே இருக்கட்டும், கூட்டம் நுழையறது இன்னும் சுலபமாகுமா, கஷ்டமாகுமா?”

“சுலபமாகும்.”

“அப்ப தடை கூடிச்சா, குறைஞ்சுதா?”

“குறைஞ்சுது.”

“அவ்வளவுதான். இதுக்குப் போய் அந்த ஆளைக் கிறுக்கன்னு சொல்லிட்டியே.”

இவ்வளவு அழகாகச் சொல்லித் தருகிற மனிதரையா வீட்டில் உட்கார வைப்பது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். அந்தப் பன்னிரண்டு வோல்ட் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தாள். மூன்றும் ஆறும் சேர்ந்து இரண்டு. முன்னால் வரிசையில் நிற்கிற நாலையும் கூட்டினால் ஆறு. பன்னிரண்டை ஆறால் வகுத்தால் இரண்டு ஆம்பியர். பிள்ளைகள் எழுதிய அதே விடை. பிறகு அந்தச் சுற்றைக் கோபுரம்போல் நெட்டையாக வரைந்து, புதுக் கணக்கு என்று சொல்லி அவரிடம் நீட்டினாள்.

“யாரு வரைஞ்சது? பனைமரம் மாதிரி இருக்கு” என்றார். ஆனால் பென்சிலை எடுத்தார். காலாவதியான காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, கடைசியில் ‘2 ஆம்பியர்’ என்று போட்டு அடிக்கோடு இழுத்தார். கூடவே, மூன்று ஓம் வழியாக எவ்வளவு, ஆறு ஓம் வழியாக எவ்வளவு என்று கேட்காததையும் பிரித்து எழுதினார். எல்லாம் சரி. புருஷன் கணக்கைச் சரியாகப் போட்டதற்கு எவளாவது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாளா? அவள் அழுதாள்.

அந்தத் தெம்பில் துறைத்தலைவிக்குப் போன் போட்டாள். உண்மையைச் சொன்னாள், ஆனால் பாதியைச் சொன்னாள். “அவருக்கு அகலமா இருந்தா கொஞ்சம் சிரமமா இருக்கும்மா. நெட்டையா வரைஞ்சு குடுத்தா டக்குனு போட்டுடறாரு. நீங்க கொண்டு வர்றதை நான் மாத்தி வரைஞ்சு குடுக்கலாமா?”

“அக்கா, எனக்கும் சார் வரணும்னுதான் ஆசை. ஆனா கிளாஸ்ல போர்டு அகலமாத்தானே இருக்கும். பசங்க தாளும் அப்படித்தானே இருக்கும். ஒவ்வொண்ணையும் மாத்தி வரைய நீங்க கூட வர முடியுமா?”

“முடியும்” என்று சொல்ல வாயெடுத்தாள். அது எவ்வளவு அபத்தம் என்று அவளுக்கே தெரிந்ததால் சொல்லவில்லை.

கோபுரம் சரிந்தது. ஆனாலும் மனசு விடவில்லை. அவர்தான் கழுத்தைத் திருப்பப் பழகினாரே, தட்டைத் திருப்பப் பழகினாரே, தாளைத் திருப்ப மாட்டாரா? சர்க்யூட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது அதே சர்க்யூட்தானே. இடது பக்கம் இருக்கிற பேட்டரி வலது பக்கம் வந்துவிடும். இது தோன்றியபோது தன்னை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

“எந்தக் கணக்கு வந்தாலும் முதல்ல ஒரு தடவை பாருங்க. அப்புறம் தாளைத் தலைகீழாத் திருப்பி இன்னொரு தடவை பாருங்க. எனக்காக இதை மட்டும் பண்ணுங்க.”

“எதுக்கு?”

“டாக்டர் சொன்னாரு.”

டாக்டர் பெயரைச் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுவதுபோல் தாளைத் திருப்பவும் பழகிக்கொண்டார். அவள் பக்கத்தில் நின்று, “திருப்பினீங்களா?” என்பாள். “திருப்பினேன்.” “இப்ப பேட்டரி இருக்கா?” “குத்துக்கல்லாட்டம் இருக்கே” என்பார். அதோடு அவள் அடுத்த தாளை வைத்துவிடுவாள். எத்தனையோ தாளை இப்படித் திருப்பிப் பார்த்தாயிற்று. ஒன்றில்கூடத் தவறவில்லை. கடைசிவரை கணக்கைப் போடச் சொல்லி அவள் பார்க்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு. கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் காரியம் முடிந்தது என்பது கண்ணாடிக்கடைப் புத்தி. லென்ஸை மாட்டி, “இப்ப தெரியுதா?” என்று கேட்டு, “தெரியுது” என்றதும் அனுப்பி வைத்தே பழகிய கை அது.

துறைத்தலைவி வந்த அன்று அவர் காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். இரண்டு கன்னமும் பளபளவென்றிருந்தன. தலையைத் திருப்பி, இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்த அந்த அம்மாவைப் பார்த்து, “வாங்கம்மா” என்றார். இவளுக்குப் பாதி உயிர் வந்தது. காபி கொடுத்துவிட்டு அடுக்களை வாசலில், கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு நின்றாள்.

துறைத்தலைவி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். அச்சடித்த தாள். தாள் முழுக்க அகலமாக ஒரே ஒரு சர்க்யூட், அடியில் ஒரே ஒரு வரிக் கேள்வி. பேட்டரி இடது பக்கம், நடுவில் ஒரு ரெசிஸ்டர், வலது கோடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. எண்கள்தான் வேறு, மற்றபடி இவள் தூக்கத்தில்கூடப் போடுவாள்.

அவர் பார்த்தார். கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு, அவள் சொல்லாமலே, தாளைத் தலைகீழாகத் திருப்பினார். துறைத்தலைவி நிமிர்ந்து அடுக்களைப் பக்கம் பார்த்தாள். இவள் லேசாகத் தலையாட்டினாள். அவர் திரும்பவும் தாளைப் பழையபடி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். ஒரு பத்தி எழுதினார். திருப்பினார். இன்னொரு பத்தி எழுதினார். பென்சில் முனையை விரலால் துடைத்து மேஜையில் வைத்தார். சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

“போட்டுட்டேன்மா. ரெண்டும் நல்ல கணக்கு. பசங்களைத் திணறடிக்கணும்னே குடுத்திருக்கீங்க.”

“ரெண்டா, சார்?”

“ஆமா. இதோ, முதல் கணக்கு.” வலது பக்கத்து ரெசிஸ்டர்களைப் பென்சிலால் தொட்டார். “ரெண்டு ரெசிஸ்டர் பேரலல்ல இருக்கு. பேட்டரி குடுக்கல. கரண்ட் சைபர். அவசரக்குடுக்கை எல்லாம் கணக்குப் போட ஆரம்பிச்சுடுவான்.” தாளைத் திருப்பினார். “இது ரெண்டாவது. பேட்டரி இருக்கு, ஒரு ரெசிஸ்டரும் இருக்கு, ஆனா அதுக்கு மேல ஒயர் எங்கயும் போய்ச் சேரல. அந்தரத்துல நிக்குது. கரண்டுக்குத் திரும்பி வர வழி இல்ல. இங்கயும் சைபர். ரெண்டு பக்கமும் சைபர் வர்ற மாதிரி வச்சீங்க பாருங்க, அது கெட்டிக்காரத்தனம்.”

அடுக்களை வாசலில் நின்றவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பேட்டரி அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்திருக்கிறது. ஆனால் இந்தப் பாதியும் அந்தப் பாதியும் ஒரே பொருள் என்பது மட்டும் அவருக்குள் எங்கும் ஒட்டவில்லை. அவர் ஒவ்வொரு பாதிக்கும் சொன்ன விடையில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் கொடுமை.

“சார், கேள்வி ஒண்ணுதானே இருக்கு?” என்றாள் துறைத்தலைவி, மெதுவாக.

“அதான் அச்சுல விட்டுட்டாங்க போல. நான் நம்பர் போட்டு வச்சிருக்கேன்.”

துறைத்தலைவி இன்னும் இரண்டு தாள்கள் கொடுத்தாள். அவர் இன்னும் நாலு கணக்குகள் போட்டார். காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. யாரும் குடிக்கவில்லை.

படியிறங்கும்போது துறைத்தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, என்னால பொய்யா எழுதிக் குடுக்க முடியல. முடிஞ்சா எழுதியிருப்பேன்.”

“தெரியும்மா.”

“சார்கிட்ட நான் சொல்லட்டுமா?”

“வேணாம். நானே சொல்லிக்கிறேன்.”

சொல்லிக்கிறேன் என்று பெரிதாகச் சொல்லிவிட்டாள். மேலே வந்தால் அவர் வகுப்புக்கு எடுத்துப்போகிற பையைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். “எப்ப வரச் சொன்னாங்க?” என்றார்.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். வகுப்பு இல்லை என்றாள். ஓய்வு கொடுக்கப்போகிறார்கள் என்றாள். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “எந்தக் கணக்கு தப்பாம்?”

“எல்லாமே.”

“காட்டு.”

துறைத்தலைவி விட்டுவிட்டுப் போன தாள் மேஜையில் இருந்தது. அவள் அதை அவர்முன் நேராக வைத்தாள். வாயால் சொல்லிப் புண்ணியமில்லை என்று அவளுக்குத் தெரியும். அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்து வலது கோடி ரெசிஸ்டரின்மேல் வைத்தாள். அங்கிருந்து கம்பியின்மேல் மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தாள். நடு ரெசிஸ்டர். அதையும் தாண்டி, இடது பக்கம், இன்னும் இடது பக்கம். விரல் பேட்டரியின்மேல் வந்து நின்றது. அங்கேயிருந்து அடிக்கம்பி வழியாகத் திரும்பி, கிளம்பின இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். வழியில் எங்கேயும் விரலைத் தூக்கவே இல்லை.

அவர் தானாகவே விரலை இன்னொரு சுற்று ஓட்டினார். அவள் கை அவர் கைமேலேயே இருந்தது. பேட்டரிக்கு வந்ததும் விரல் நின்றது. முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் கிட்டத்தில் பார்த்தாள்.

“இது ஒண்ணுதான்” என்றார்.

“ஆமாங்க.”

“ஒரே கணக்கு.”

“ஆமாங்க.”

“அப்ப அந்தப் பிள்ளைங்க தாள்?” என்று நிமிர்ந்தார். “அதுலயும் பேட்டரி இருந்துச்சா? எல்லாத்துலயுமா?”

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினாள்.

“கேலியான்னு எழுதினேனே. பாவி, பச்சைப் பிள்ளைங்களைப் பார்த்துக் கேலியான்னு எழுதிட்டேனே.” இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அந்த மனிதர் சத்தம் போட்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அழவில்லை. தனக்கு இப்படி ஒரு குறை இருக்கிறது என்று அவருக்கு அன்றுவரை யாரும் காட்டவில்லை, அவள்தான் காட்டிவிட்டாள். அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை தெரிந்துபோயிற்று, இனி இருவருமாகச் சேர்ந்து தாங்கிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

சாயங்காலம் விளக்குப் போட வந்தபோது அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். “அந்த அம்மா எந்த வகுப்புன்னு சொல்லலையே. பழைய ரூம்தானா?” என்றார்.

அவள் விளக்கைப் போட்டுவிட்டு அப்படியே நின்றாள். விரல் எடுத்ததும் எல்லாம் போயிருந்தது. அழுதது நினைவிருந்தது அவருக்கு, எதற்கு என்று கேட்டால், “என்னவோ, களைப்பு” என்றார். மறுபடியும் உட்கார்ந்தாள். மறுபடியும் தாள், மறுபடியும் விரல், மறுபடியும் அந்தக் கம்பி வழியே ஒரு சுற்று. மறுபடியும் அதே முகம், அதே ரத்தம் இறங்கல், “அப்ப அந்தப் பிள்ளைங்க தாள்?” என்ற அதே கேள்வி. முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டார். அவருக்கு அது முதல் தடவைதானே.

மறுநாள் காலையில் கண் விழித்ததும், “எப்ப வரச் சொன்னாங்க?” என்றார்.

தாள் மேஜையில்தான் இருந்தது. விரல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பிடிக்கப் போனாள், பிடித்தும் விட்டாள். அவர் கை சூடாக இருந்தது. இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் திராணி இல்லை. இன்றைக்குக் காட்டினால் நாளைக்கும் காட்ட வேண்டும், நாளன்றைக்கும் காட்ட வேண்டும். தினம் தினம் இந்த மனிதரை எழுப்பி உட்காரவைத்து, நீ முடிந்துபோனாய் என்று புதுசாகச் சொல்ல வேண்டும். அதற்கா இவ்வளவு பாடுபட்டுப் படித்தாள்?

“இன்னும் சொல்லி அனுப்பலைங்க” என்றாள். விரலை விட்டுவிட்டாள்.

“அனுப்புவாங்க, அனுப்புவாங்க. இதுக்குப் போய் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?” என்று அவள் கன்னத்தில் செல்லமாகத் தட்டினார். “நேத்து நீயும்தானே பார்த்துக்கிட்டு நின்னே. ஒண்ணாவது தப்பாப் போட்டேனா நான்?”

“இல்லைங்க” என்றாள் அவள்.